நூற்றுக்குத் தொண்ணூறு

எங்கள் அச்சகம் புதிய கட்டடத்துக்கு மாறுகிறது. அதையொட்டி ஒரு சிறு மலர் வெளியிடுகிறார்கள். நீண்ட காலம் வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று இப்போதைய முதலாளி றியாஸ் கேட்டார். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு வாய் வராது. ஆனாலும் இதை எழுத ஒத்துக்கொண்டேன். நான் எதை எழுதப்போகிறேன் என்று றியாஸுக்குத் தெரியும். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

கண்பார்வை குறைந்ததால் ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டேன். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். றியாஸ் எழுந்து நின்று பேசினார்.

"அக்கா செஞ்ச வேலையில அளவுப் பிழை எண்டு ஒரு கடதாசி இந்தக் கடைக்குத் திரும்பி வந்ததில்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். அது கூச்சம் இல்லை. றியாஸ் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். கடதாசி திரும்பி வரவில்லை. ஒரு மனிதர் வந்தார். அவரை நான் பொய் சொல்லி அனுப்பினேன்.

செட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போனேன். அங்கே தட்டெழுத்து மட்டும்தான் கிடைத்தது. மீதி எல்லாவற்றையும் அச்சகத்தில்தான் கற்றேன். கற்பித்தவர் றியாஸின் வாப்பா. காத்தான்குடிக்காரர். நாங்கள் அவரை ஹாஜியார் என்போம். மற்றவர்கள் பேனை செருகும் சட்டைப்பையில் அவர் ஆறு அங்குல இரும்பு அடிமட்டம் ஒன்றைச் செருகியிருப்பார். மாதிரித் தாள் ஒன்றைக் கொடுத்தால் மேசையில் வைத்துப் பார்க்கமாட்டார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு அடிமட்டத்தை வைத்து அளந்து, தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அளவை எழுதுவார். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. ஆனால் அவர் வாசலில் நிற்கும் அந்த இரண்டு நிமிடமும் நான் மவுஸைத் தொடமாட்டேன்.

முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். பாடசாலை விழா மலர் ஒன்றில் அதிபரின் படம் கட்டத்தைவிட ஒடுங்கலாக இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் பிடித்து இழுத்து நிரப்பிவிட்டேன். ஹாஜியார் வாசலில் நின்றபடியே கூப்பிட்டார்.

"புள்ள, இஞ்ச வா. இந்த அதிபரப் போன கிழமைதான் நான் கண்டன். ஒரு கிழமைக்குள்ள ஆள் இவ்வளவு கொழுத்திட்டாரா?"

மெஷினில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர் என் கணினிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பக்கத்துல புடிச்சு இழுத்தா மனிசன் கொழுப்பான். மேல புடிச்சு இழுத்தா நெட்டுவான். மூலையப் புடி. ஷிப்ட்ட அமத்து. மவுஸ உட்ட பொறகுதான் ஷிப்ட்ட உடணும். விளங்கினா?"

"விளங்கிச்சு, ஹாஜியார்."

"மறுகா என்ன அழுகை? அதிபர் மெலிஞ்சாப் போதும்."

இதுதான் அளவு மாற்றும் வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். பிறகு மற்றவையும் வந்தன. கைபேசியில் வந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். கொட்டகைப் பதாகைக்கு வேண்டிய சின்னத்தைக் கடித உறையிலிருந்து எடுக்கக்கூடாது. எழுத்தும் படமும் சேர்ந்து நகரவேண்டுமானால் முதலில் அவற்றை ஒன்றாகக் கட்டிவிடவேண்டும். அச்சிடும்போது 'பிட் டு பேஜ்' என்று ஒன்று வரும்; அதில் எப்போதும் புள்ளடி போடாமல் விடவேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் தன் இஷ்டத்துக்குச் சுருக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காக்கி உறை. வாடிக்கையாளர் தந்த மூலத்தாள், மாதிரித் தாள், கடைசியாக அச்சானதில் ஒன்று, மூன்றும் அந்த உறைக்குள் போகவேண்டும். உறையின் மேல் 'அளவு பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். ஹாஜியார் அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நம்பினார். கையொப்பம் வைத்த உறையை அவர் திரும்பத் திறந்ததில்லை.

பிழை வந்தால் அவர் என்ன செய்வார் என்பதையும் சொல்லவேண்டும். ஒருமுறை கோயில் திருவிழா நோட்டீசில் அம்மன் படம் ஒடுங்கிப்போயிற்று. செய்தது என்னோடு வேலை செய்த இன்னொரு பெண். நோட்டீஸ் எல்லாம் அச்சாகிக் கட்டும் கட்டியாயிற்று. கோயில்காரர் கண்டிருக்கவே மாட்டார்கள். ஹாஜியார் புதிதாக அடிக்கச் சொன்னார். காய்ந்ததும் கட்டைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தானே போனார். கோயில் வாசலில் தொப்பியோடு நின்று, கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரைக் கூப்பிட்டு, "ஐயா, பிழை எங்கட. பழசத் தாங்க, புதுசப் புடிங்க," என்று சொன்னாராம். திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளேன்டி குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பயத்தில் மறைத்தேன் என்று யாரும் எனக்காக நியாயம் சொல்லக்கூடாது. பயப்பட அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

வருடங்கள் போகப்போக எனக்குக் கண் பழகிவிட்டது. பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே, இதை அகலத்தில் நூற்றுக்கு நூற்றுப்பத்து இழுத்திருக்கிறான் என்று சொல்லுவேன். மரண அறிவித்தல்களில் நீண்ட முகங்களைக் கண்டால் மனம் சங்கடப்படும். வாடிக்கையாளரிடம் ஹாஜியார் என்னைக் காட்டி, "இந்தப் புள்ள செஞ்சா அளவு பிசகாது," என்பார். நான் கணினித் திரைக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொள்வேன். ஆனால் அது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. வேறு எதற்காகவும் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

முகம் பிசகினால் கண் சொல்லிவிடும். நீளமும் அகலமும் ஒரே அளவாகக் குறைந்தால் கண் ஒன்றும் சொல்லாது. அதை மட்டும் நான் படித்திருக்கவில்லை.

ஒரு நாள் தவராசா அண்ணன் வந்தார். வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் மீனவர் சங்கத்துக்கு அவர் செயலாளர். தோணியில் போகிறவர்தான்; ஆனால் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். சங்கத்துக் கடிதம், கூட்ட அறிவித்தல் எல்லாம் எங்களிடம்தான் அடிப்பார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

அவர்கள் ஊருக்குள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். வாவியில் குஞ்சு மீனை அள்ளும் சின்னக்கண் வலை இனிமேல் போடக்கூடாது. போட்டால் சங்கம் வலையை எடுத்து எரிக்கும். கண் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதற்கு வீட்டுக்கு ஒரு அட்டை கொடுக்கப்போகிறார்கள். அதற்கு அவர் சதுரத் தாள் ஒன்றில் ஒரு கோடு வரைந்து கொண்டுவந்தார். கோட்டின் இரண்டு முனையிலும் சின்னக் குறுக்குக் கோடு. மேலே ஒரு வலைக்கண்ணின் படம்.

"கோடு மட்டும் போதுமா, அண்ணன்? எத்தின அங்குலம் எண்டு எழுதல்லியா?"

"எழுதினாத்தான் சண்ட வரும், தங்கச்சி. ஒரு கடைக்காரன் முடிச்சுக்கு முடிச்சு அளப்பான். மத்தவன் கண்ண இழுத்துப் புடிச்சு அளப்பான். ரெண்டுக்கும் ஒரே நம்பரச் செல்லுவானுகள். கோடெண்டா கத இல்ல. வலைய நனைச்சு, கண்ண இழுத்து, இந்தக் கோட்டுல வை. கோட்டுக்குக் குறைஞ்சா வாங்காத. அவ்வளவுதான்."

சங்கத்தில் ஒரு அளவுக்கம்பி இருந்தது. அதை வைத்துத்தான் இந்தக் கோட்டை வரைந்தேன் என்றார். எழுபது மில்லிமீற்றர். தாளை என் கையில் தரும்போது, "இது மட்டும் மாறக்கூடா, என்ன?" என்றார்.

"மாறாது, அண்ணன்," என்றேன்.

அந்தத் தாளை ஸ்கேனரில் வைத்து எடுத்தேன். திரையில் அளந்து பார்த்தேன். எழுபது. அட்டையில் வைத்தேன். நல்ல பொருத்தமாக இருந்தது. அந்தக் கிழமைதான் ஹாஜியார் உம்றாவுக்கு மக்கா போனார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நான் வாற வரைக்கும் அளவு உன்ட பொறுப்பு, புள்ள," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துத் தவராசா அண்ணன் போன் எடுத்தார். தலைவரின் கையொப்பமும், வலை எரிப்பது பற்றி மூன்று வரியும் அட்டையில் வரவேண்டுமாம். அட்டையில் இடம் இல்லை. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். அழகாக வரவில்லை. பிறகு, பல வருடமாகக் கை பழகிய வேலையைக் கை செய்தது. வலைக்கண் படம், கோடு, கோட்டின் கீழ் 'வலையை நனைத்து இழுத்து வை' என்றிருந்த வரி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினேன். மூலையைப் பிடித்தேன். ஷிப்ட்டை அமத்தினேன். உள்ளே தள்ளினேன். மவுஸை விட்ட பிறகுதான் ஷிப்ட்டை விட்டேன். கீழே மூன்று வரிக்கும் கையொப்பத்துக்கும் இடம் கிடைத்தது. படம் கொஞ்சமும் கோணவில்லை. நாலு பக்கமும் ஒரே அளவு வெள்ளை விழுந்தது. பார்க்க முன்பைவிட நன்றாக இருந்தது. மூலையில் மென்பொருள் தொண்ணூறு என்று காட்டியிருக்கும். காட்டியிருக்கத்தான் வேண்டும். நான் பார்க்கவில்லை.

மாதிரித் தாளை வாசலுக்குக் கொண்டுபோனேன். ஹாஜியார் நிற்கும் இடத்தில் நின்றேன். அடிமட்டத்தை வைத்து அட்டையின் நீள அகலத்தை அளந்தேன். சரியாக இருந்தது. உறையில் 'அளவு பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

தடித்த தாளில் அடித்து, நனையாமல் இருக்க மேலே பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கொடுத்தோம். தவராசா அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வடிவா வந்திரிக்கு," என்று சொன்னார். அளந்து பார்க்கவில்லை. நான் செய்தது என்பதால் அளக்கவில்லை.

அவருடைய மனைவி பூமணியின் அண்ணன் சிவலிங்கம். தவராசா அண்ணனுக்கு மச்சான். அவர் பழைய வலையை விட்டுவிட்டுப் புது வலை வாங்கப் பட்டணத்துக்கு வந்தார். அட்டையைக் கடைக்கே கொண்டுபோய், கண்ணை நனைத்து இழுத்துக் கோட்டில் வைத்து, கோட்டுக்குச் சரியாக இருந்ததை வாங்கினார். மற்றவர்கள் பழையதை வீட்டில் போட்டுவிட்டு, அதுவரை புதிது வாங்காமல் இருந்தார்கள். சிலர் பெரிய கண் வலையையே வைத்திருந்தார்கள். சங்கம் முதல் முறை வலை பார்க்கப் போனபோது மாட்டியது சிவலிங்கத்தின் வலை. சங்கத்துக் கம்பியில் வைத்தால் குறைந்தது. அட்டையில் வைத்தால் சரியாக இருந்தது. அட்டையைக் கம்பியில் வைத்துப் பார்த்தார்கள். அட்டை ஏழு மில்லிமீற்றர் குறைவு.

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். கோட்டை வரைந்தவர் அவர். மச்சானுக்காகத் திட்டமிட்டுக் கோட்டைக் குறுக்கினார் என்று ஊர் சொன்னது. தன்னை மாட்டிவைக்கத் தவராசா பிழையான கோட்டைக் கீறினான் என்று மச்சான் சொன்னார். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்று தலைவர் சொன்னார். புது வலையைக் கரையில் போட்டு எரித்தார்கள். தீ வைத்தது தவராசா அண்ணன். செயலாளர்தான் வைக்கவேண்டும் என்று விதி. அந்த விதி மூன்று வரியில் ஒன்று. இடம் பிடித்து அடித்தது நான்.

அடுத்த நாள் காலையில் அவர் அச்சகத்துக்கு வந்தார். சாரம் உடுத்தபடியே வந்திருந்தார். கடைக்கு வரும்போது எப்போதும் கால்சட்டை போடுகிறவர். கதை முழுவதையும் நின்றபடியே சொன்னார். அட்டையை என் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, நான் தந்த தாள் இரிக்கா? அதக் காட்டினாப் போதும். நான் எத்தின கீறினன் எண்டு அதுல இரிக்கும்."

"பாக்கிறன், அண்ணன்," என்று உள்ளே போனேன். அலுமாரியில் உறை இருந்தது. தாளை எடுத்து அடிமட்டத்தை வைத்தேன். எழுபது. ஒரு முடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அச்சான அட்டையை வைத்தேன். அறுபத்து மூன்று. அப்போதுதான் நான் ஷிப்ட்டை அமத்தியது நினைவுக்கு வந்தது. காது இரண்டும் சூடானது.

அந்த உறையை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். ஐந்து அடி நடை. அவருடைய பெயர் அந்த இடத்திலேயே சுத்தமாகியிருக்கும். மெஷினில் இரண்டு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், அளவு பிசகாத பிள்ளை பிசகிவிட்டாள் என்று ஆகும். அதற்காகத்தான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் எழுதியிருப்பேன்.

உறையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

"தாள் இல்ல, அண்ணன். உங்களுக்கே திருப்பித் தந்திட்டம் போல."

"தரல்லியே, தங்கச்சி."

"இல்ல, இஞ்ச இல்ல."

அவர் அட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். "இஞ்ச அடிக்கக்குள்ள குறைஞ்சிரிக்குமா?"

"கணினி தானாச் சுருக்காது, அண்ணன்," என்றேன்.

இந்த வரியை நான் எத்தனையோ நாள் தனியாக இருந்து சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதில் பொய் இல்லை. கணினி தானாகச் சுருக்கவில்லை. அப்படி ஒரு உண்மையைத் தேடி எடுத்துப் பொய்யாக்கியிருக்கிறேன்.

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "அப்ப என்ட கைதான் பிழைச்சிரிக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, தன் கை பிழை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிப் பதவியை விட்டாராம். பிறகு சங்கத்தில் அவர் எதுவும் எழுதவில்லை.

ஹாஜியார் திரும்பி வந்தார். எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். "அளவெல்லாம் எப்பிடி, புள்ள?" என்று கேட்டார். "பிரச்சினை இல்ல, ஹாஜியார்," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு அப்போதே தெரிந்திருந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்திருப்பார். அந்தச் சத்தம் கேட்டுவிடுமோ என்று இரண்டு நாள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. கேட்கவில்லை. சில வருடங்களில் அவர் மவுத்தாகிவிட்டார். ஜனாஸா வீட்டில் பெண்களோடு இருந்து அழுதேன். நல்ல முதலாளிக்காக அழுகிறாள் என்று ஆறுதல் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒரு முறை தவராசா அண்ணன் மகளின் கலியாண அழைப்பிதழ் அடிக்க வந்தார். கூடப் பூமணியும் வந்திருந்தார். கோபம் எதுவும் இல்லாமல் பழையபடியே, "தங்கச்சி, சுகமா?" என்றார். பெயர்களை எழுதிக் கொடுத்த தாளில் தாய்மாமன் பெயர் இல்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் கலியாணம் இல்லை. வேறு யாருடைய அழைப்பிதழாக இருந்தாலும் கேட்டிருப்பேன். இங்கே கேட்க எனக்கு என்ன உரிமை? ஆனால் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"மாமன்ட பேர் எங்க போடுற, அண்ணன்?"

"போட வேணாம், தங்கச்சி."

பூமணி சடக்கென்று சொன்னார்: "வராதவன்ட பேர எங்க கா போடுற? வலைய எரிச்சவன்ட வளவுக்குள்ள கால் வைக்கமாட்டன் எண்டிட்டான். அவன்ட புள்ளைகள் றோட்டுல என்னக் கண்டா மத்தப் பக்கம் போகுதுகள்."

"சரி, விடு," என்றார் தவராசா அண்ணன்.

அந்த அழைப்பிதழை நான் செய்தேன். மாமன் பெயர் வரவேண்டிய இடம் காலியாக நின்றது. தெரியாமல் இருக்க மேல் கீழ் வரிகளைச் சிறிது பெரிதாக்கி நிரப்பினேன். மூலையைப் பிடித்துத்தான் இழுத்தேன். அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். பூமணி போகும்போது என் கையைப் பிடித்து, கலியாணத்துக்கு வரச் சொன்னார். நான் போகவில்லை.

பிரியாவிடை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கை தட்டல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் அச்சகத்துக்குப் போய், பழைய உறை ஒன்று வேண்டும் என்று றியாஸிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக அதை ஒருவரிடம் சொன்னேன். அவர் அலுமாரிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "எடுத்துக்கங்க, அக்கா," என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தவராசா அண்ணன் வீட்டு முற்றத்தில் இருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. நான் உறையைத் திறந்து தாளைக் கொடுத்தேன். அச்சான அட்டையையும் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மூன்று நாலு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப நான் கீறினது சரியா?"

"சரி, அண்ணன்."

"எழுபதா?"

"எழுபது."

"எவ்வளவு சுருக்கின நீங்க?"

"நூற்றுக்குத் தொண்ணூறு."

விரலில் கணக்குப் பார்த்தார். "அறுபத்து மூண்டு. ஓம். சரியாத்தான் வருது," என்றார். ஏதோ வேறொருவருடைய வலையைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது அவர் குரல். பூமணி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத ஏன் கா அண்டைக்கே செல்லல்ல?" என்றார். "ஹாஜியார் ஏசுவார் எண்ட பயமா?"

"பயமில்ல. வெக்கம்."

தவராசா அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு வெக்கமில்லியா, தங்கச்சி?"

நான் காலியான உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவரே தொடர்ந்தார். "எனக்கிட்டச் செல்லி என்ன? நான் கூட்டத்துல எழும்பிச் செல்லினன். நீங்களும் வந்து செல்லுங்க."

"கூட்டத்துல பேச எனக்கு ஏலா, அண்ணன். நாக்கு எழும்பாது."

"அப்ப அடிச்சுத் தாங்க. அந்த அட்டைய வீட்டுக்கு ஒண்டு குடுத்த நாங்க. இதயும் வீட்டுக்கு ஒண்டு குடுப்பம். கூட நீங்க வாங்க. பேச வேணாம். கையில குடுத்தாப் போதும்."

றியாஸ் மறுக்கவில்லை. நான் பழைய மேசையில் இருந்து அந்த அட்டையைச் செய்தேன். கண் சரியாகத் தெரியாததால் திரையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு செய்தேன். எழுபது மில்லிமீற்றர்க் கோடு ஒன்று. அதன் கீழே அறுபத்து மூன்று மில்லிமீற்றர்க் கோடு ஒன்று. மேலே உள்ளது தவராசா வரைந்தது, கீழே உள்ளது நான் சுருக்கி அடித்தது, பிழை என்னுடையது, கேட்டபோது மறைத்தேன் என்று எழுதினேன். என் பெயரைப் போட்டேன். அச்சானதும் இரண்டு கோட்டையும் அளந்தேன். றியாஸும் அளந்தார். உறையில் நான் கையொப்பம் வைக்கவில்லை. அவர் வைத்தார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தவராசா அண்ணனும் நானும் வீடு வீடாகப் போனோம். அவர் வாசல் படலையில் நின்று கூப்பிடுவார். நான் கொடுப்பேன். சிலர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருவர், "நாங்க வலைய எரிக்கக்குள்ள நீ எங்க கா இரிந்த?" என்று கேட்டார். ஒரு கிழவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இப்ப அளவெல்லாம் மாறிப் போச்சே, இது என்னத்துக்கு?" என்றார். நான் தலையைக் குனிந்தபடி அடுத்த அட்டையை எடுத்துக்கொள்வேன்.

ஏழாவது வீடு சிவலிங்கத்துடையது. படலையை நெருங்கியதும் தவராசா அண்ணன் நின்றுவிட்டார். கூப்பிடவில்லை. சிவலிங்கம் முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு கோடரியைக் கீழே வைத்தார். நான் படலைக்கு மேலால் அட்டையை நீட்டினேன். வந்து வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு இரண்டு கோட்டிலும் பெருவிரலை மாறி மாறி வைத்துப் பார்த்தார்.

"இத அடிச்சது ஆரு?"

"நான்தான்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படலையின் கொழுக்கியைக் கழற்றினார்.

"மச்சான், உள்ள வா," என்றார்.

தவராசா அண்ணன் உள்ளே போனார். இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக வீட்டுக்குள் போனார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் உரத்து அழுகிற சத்தம் கேட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. திறந்து கிடந்த படலையைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டேன். கையில் இன்னும் நாற்பது அட்டைகளுக்கு மேல் இருந்தன. அடுத்த வளவுக்குப் போய் நின்றேன். பக்கத்தில் யாரும் இல்லை. கூப்பிட வேண்டியவள் நான்தான்.

"வீட்டுக்காரர்," என்று கூப்பிட்டேன். சத்தம் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.